மூளைக் குழாய்களில் ஒரு மெல்லிய கசிவு

அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் முன்பு போல விறுவிறுவென்று நடப்பதில்லை. சின்னச் சின்ன அடியாக எடுத்து வைக்கிறார். கேட்ட கேள்விக்கு விடை தெரிகிறது. ஆனால் சொல்ல நேரமாகிறது. பேங்க் வேலை, ரேஷன் வேலை என்று இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் தடுமாறுகிறார். எதிலும் முன்பிருந்த ஆர்வம் இல்லை. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் சமாதானம் சொல்லிக் கொள்கிறார்கள். "அப்பாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது" என்று பிள்ளைகள் குறைப்பட்டுக் கொள்கிறார்கள்.

வேறு ஏதோ காரணத்துக்காக எப்போதாவது எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது, அறிக்கையின் கடைசியில் "சிறு இரத்தக்குழாய் நோய்க்கான மாற்றங்கள்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துச் சிலர் பெரிதும் பயந்து விடுகிறார்கள். பலர் கோப்பில் வைத்து மறந்து விடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. அந்த ஒரு வரிக்கு என்ன பொருள், மூளைக்குள் என்ன நடக்கிறது, நம்மால் என்ன செய்ய முடியும் என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பீன்யா வாசகர்களுக்கு இது மிகவும் பொருத்தமான செய்தி. 1970களின் இறுதியில் இங்கே தொழிற்பேட்டை உருவானது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடி வந்தார்கள். லேத், மில்லிங், பிரஸ் ஷாப், பெயிண்டிங் என்று அவரவருக்குக் கிடைத்த இடத்தில் சேர்ந்தார்கள். அன்று இருபது வயதில் வந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவர்களில் பலருக்கு வேண்டாத விருந்தாளிகளாக வந்து தங்கிவிட்டன. இந்த இரண்டும் மூளையில் செய்யும் ஓசையற்ற வேலைதான் நாம் பார்க்கப் போவது.

பெரிய குழாயும் சிறு குழாயும்

நம் மூளையின் எடை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக் கொள்கிறது. இதற்காகக் கழுத்து வழியாக நான்கு பெரிய குழாய்கள் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்கின்றன. அவை கிளைத்துக் கிளைத்து, கடைசியில் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய தந்துகிகளாக முடிகின்றன. ஒரு மனித மூளையில் உள்ள தந்துகிகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெங்களூரில் பஸ் ஏறித் திருநெல்வேலி போய்ச் சேரும் தூரம் அது.

பெரிய குழாய் அடைத்துக் கொண்டால் நாம் எல்லாரும் அறிந்த பெரிய பக்கவாதம் வருகிறது. வாய் கோணுகிறது, பேச்சு போகிறது, ஆள் விழுந்து விடுகிறார். சிறு குழாய்களின் கதை வேறு. மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகளுக்கு இரத்தம் கொண்டு போகும் சிறு குழாய்கள் பெரிய குழாயிலிருந்து நேராகப் பிரிந்து செல்கின்றன. மெயின் லைனிலிருந்து நேரடியாக எடுத்த மெல்லிய பைப் போல, பெரிய குழாயின் அழுத்தம் முழுவதையும் அவை தாங்க வேண்டியிருக்கிறது. அதுமட்டுமல்ல, ஒரு சிறு குழாய் அடைத்தால் அதன் வேலையைச் செய்யப் பக்கத்தில் மாற்று வழி பெரும்பாலும் கிடையாது.

இந்தச் சிறு குழாய்களின் சுவர் பல ஆண்டுகளில் தடித்து, விறைத்து, பழுதாவதைத்தான் மருத்துவர்கள் மூளைச் சிறு இரத்தக்குழாய் நோய் என்கிறார்கள். அடைப்பினால் வரும் பக்கவாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இதனால் வருவது. முதுமையில் வரும் மறதி நோய்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. வெளியே தெரியாமல் வருவதாலேயே இதைப் பலர் அறிவதில்லை.

மூளைக்கு ஒரு காவல்

உடலின் மற்ற உறுப்புகளில் இரத்தக் குழாய்களின் சுவர் ஓரளவு சல்லடை போன்றது. இரத்தத்திலுள்ள பல பொருள்கள் அதன் வழியாக வெளியே போய் வரும். மூளையில் அப்படி இல்லை. நாம் சாப்பிட்ட உணவு, உட்கொண்ட மாத்திரை, உடலில் புகுந்த கிருமி ஆகியவற்றால் இரத்தத்தின் தன்மை நேரத்துக்கு நேரம் மாறுகிறது. நரம்பு உயிரணுக்களோ மிகவும் நுட்பமான மின் வேலை செய்பவை. சுற்றியுள்ள உப்புகளின் அளவு சிறிது மாறினாலும் அவற்றின் வேலை கெட்டுவிடும். எனவே மூளையின் தந்துகிகளில் இயற்கை ஒரு தனிக் காவலை அமைத்திருக்கிறது. அதற்கு இரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர்.

இந்தத் தடுப்பு மூன்று அடுக்குகளால் ஆனது. முதலாவது, குழாயின் உட்சுவர் உயிரணுக்கள். இவை ஒன்றோடொன்று இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருக்கின்றன. இரண்டாவது, அவற்றை வெளியிலிருந்து தழுவி நிற்கும் பெரிசைட் என்னும் துணை உயிரணுக்கள். மூன்றாவது, நட்சத்திர வடிவ உயிரணுக்களின் பாதங்கள். இவை குழாயைச் சுற்றி உறை போல அமைகின்றன. மூளைக்கு வேண்டிய குளுக்கோஸை உள்ளே கொண்டு செல்லத் தனி வாயில்கள் உண்டு. வேண்டாதவற்றை வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு. அடையாள அட்டை பார்த்து ஆளை உள்ளே விடும் தொழிற்சாலை கேட்டைப் போல என்று வைத்துக் கொள்ளலாம்.

சாயம் சொன்ன சேதி

இந்தத் தடுப்பு இருப்பது எப்படித் தெரிந்தது? பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு 'டை டெஸ்ட்' தெரிந்திருக்கும். வெல்டிங் செய்த இடத்திலோ வார்ப்பிலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சைத் தெளிப்பார்கள். விரிசல் இருந்தால் சாயம் வெளியே வந்து கோடு காட்டிக் கொடுக்கும். மூளையின் காவலைக் கண்டறிந்ததும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

1885ஆம் ஆண்டு ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் அறிஞர் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். எல்லா உறுப்புகளும் நிறம் பெற்றன. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயத்தைப் பற்றிக் கொள்ளும் தன்மை இல்லை போலும் என்று அவர் எண்ணினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சோதனையைத் திருப்பிச் செய்தார். சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தினார். இம்முறை மூளை நன்றாக நிறம் பெற்றது. மற்ற உறுப்புகள் பெறவில்லை. ஆகவே மூளை சாயத்தை ஏற்கும். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒன்று தடுக்கிறது என்பது விளங்கியது.

அந்தத் தடுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் லீனா ஸ்டெர்ன் என்னும் பெண் அறிவியலாளர். ஜெனிவா பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் அவர். 1921இல் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். பிறகு மாஸ்கோ சென்று, 1939இல் சோவியத் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரான முதல் பெண் என்ற சிறப்பைப் பெற்றார். ஸ்டாலின் காலத்தில் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்ட துயரமும் அவருக்கு நேர்ந்தது. 1967இல் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் உதவியால், தடுப்பு இருப்பது உட்சுவர் உயிரணுக்களின் இறுக்கமான இணைப்புகளில்தான் என்பதைக் கண்ணால் கண்டு காட்டினார்கள்.

சீல் தேய்ந்தால்

ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வேலை செய்தவர்கள் ஒன்றை அறிவார்கள். பைப் வெடித்து எண்ணெய் பீறிட்டால் உடனே தெரிந்துவிடும், மெஷினை நிறுத்திவிடுவோம். ஆனால் ஆயில் சீல் தேய்ந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்தால்? மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேலையும் நடக்கும். பல மாதங்கள் கழித்து அடியில் எண்ணெய் தேங்கி, அழுத்தம் குறைந்து, வேலையின் தரம் கெட்ட பிறகுதான் கவனிப்போம்.

சிறு இரத்தக்குழாய் நோயிலும் இதுபோன்ற கசிவு ஏற்படுகிறது. நீண்ட நாள் கட்டுப்படாத இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைபிடித்தல், முதுமை ஆகியவற்றால் குழாயின் உட்சுவர் உயிரணுக்கள் தளர்கின்றன. அவற்றின் இணைப்புகள் பிடிப்பை இழக்கின்றன. அப்போது இரத்தத்தின் நீர்ப் பகுதியும், ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்களும் குழாயின் சுவருக்குள்ளும் அதைத் தாண்டியும் மெல்லக் கசிகின்றன. காயம் பட்ட இடத்தில் இரத்தத்தை உறைய வைக்க வேண்டிய புரதம் மூளைத் திசுவுக்குள் வந்தால், அங்கே அழற்சி உண்டாகிறது. குழாயின் சுவர் மேலும் தடிக்கிறது. நரம்பு இழைகளின் மேலுள்ள கொழுப்பு உறை பழுதாகிறது. பழுது பார்க்கும் வேலையும் தடைப்படுகிறது.

மின்சார ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை எப்படியோ, அப்படித்தான் நரம்பு இழைக்கு அந்தக் கொழுப்பு உறை. அது கெட்டால் செய்தி தாமதமாகப் போகிறது. பெரியவர் விடை தெரிந்தும் மெதுவாகச் சொல்வதற்கு இதுவே ஒரு காரணம். அது சோம்பல் அல்ல.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனா வார்ட்லா என்னும் பேராசிரியர், இந்த நோயின் தொடக்கத்திலேயே கசிவு இருக்கக்கூடும் என்ற கருத்தை 2003 முதல் வலியுறுத்தி வருபவர். சிறு குழாய் அடைப்பினால் பக்கவாதம் வந்தவர்களிடம் கசிவு மூளையில் பரவலாகக் காணப்படுகிறது என்று அவரது குழு 2009இல் காட்டியது. கசிவினால்தான் நோய் வருகிறதா, நோயினால் கசிவு வருகிறதா என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று கருதுவோரும் உண்டு.

படத்தில் என்ன தெரிகிறது?

1971இல் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டபோதுதான் உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறக்காமலே குறுக்கே வெட்டிப் பார்த்தது போல் பார்க்க முடிந்தது. அதன் பின் வந்த எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பமானது. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. பெரிய காந்தமும் ரேடியோ அலைகளும் சேர்ந்து உடலிலுள்ள நீரிலிருந்து வரும் சிறு சைகைகளைப் படமாக்குகின்றன.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் அந்தச் சிறு குழாய்கள் தெரிவதில்லை; அவை அவ்வளவு மெல்லியவை. அவை கெட்டதால் திசுவில் ஏற்பட்ட தடயங்களைத்தான் பார்க்கிறோம். இந்தத் தடயங்களை உலகெங்கும் ஒரே பெயரில் குறிப்பிட வேண்டும் என்று பல நாட்டு மருத்துவர்கள் கூடி 2013இல் ஒரு வரையறை வகுத்தார்கள். 2023இல் அதைப் புதுப்பித்தார்கள். முக்கியமானவை இவை:

வெண்புள்ளிகள்: மூளையின் உட்பகுதியில் உள்ள வெண்பொருளில், ஃப்ளேர் என்னும் வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரியும் திட்டுகள். அறிக்கையில் 'ஃபசேகாஸ்' என்று ஓர் எண் போட்டிருந்தால், அது இவற்றின் அளவைக் குறிக்கிறது. 1987இல் வந்த இந்த முறையில் 0 என்றால் திட்டு இல்லை. 1 என்றால் லேசாக. 2 என்றால் நடுத்தரம். 3 என்றால் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாகிவிட்டன.

சிறு குழிகள்: பழைய சிறு அடைப்பின் தழும்பு. 3 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்கும். பலருக்கு இது வந்ததே தெரியாமல் போயிருக்கும்.

நுண் இரத்தக்கசிவுப் புள்ளிகள்: சிறு குழாயிலிருந்து சொட்டிய இரத்தத்தின் இரும்பு அங்கேயே தங்கி, தனிவகைப் படத்தில் கரும்புள்ளியாகத் தெரிவது.

குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி அகலுதல்: மூளையின் கழிவு நீர் போகும் வழி விரிந்திருப்பதன் அடையாளம்.

மூளைச் சுருக்கம்: திசு குறைந்து மூளையின் அளவு சிறுத்திருப்பது.

அறுபது வயதுக்கு மேல் ஒன்றிரண்டு வெண்புள்ளிகள் இருப்பது மிகவும் சாதாரணம். ஃபசேகாஸ் 1 என்று எழுதியிருந்தால் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் 2, 3 என்று இருந்தாலோ, சிறு குழிகளும் நுண்புள்ளிகளும் சேர்ந்து இருந்தாலோ, அது உடல் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம். அதைப் பிரித்துப் படிக்காமல் வைக்கக் கூடாது.

கசிவை அளப்பது எப்படி?

மேலே சொன்னவை எல்லாம் நடந்து முடிந்த சேதத்தின் அடையாளங்கள். கசிவு நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்க்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கும் பழைய சாயச் சோதனையே கைகொடுத்தது. இங்கே சாயத்துக்குப் பதில் கடோலினியம் என்னும் உலோகம் கலந்த மருந்து. அதைக் கை நரம்பில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். நல்ல காவல் உள்ள மூளைக்குள் அது நுழையாது. இரத்தத்தோடு சுற்றிவிட்டுச் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். காவல் தளர்ந்த இடத்தில் மெல்ல மெல்லத் திசுவுக்குள் கசியும். அந்த இடம் படத்தில் சிறிது பிரகாசமாகும்.

மூளைக் கட்டி இருந்தால் கசிவு அதிகம். ஒரே படத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும். சிறு இரத்தக்குழாய் நோயில் கசிவு மிக மிகக் குறைவு. எனவே ஊசி போட்ட பிறகு இருபது நிமிடங்களுக்கு மேலும் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, ஒவ்வொரு புள்ளியிலும் பிரகாசம் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று கணினியில் கணக்கிடுகிறார்கள். ஸ்கேன் இயந்திரத்தின் சொந்த ஏற்ற இறக்கமே சில சமயம் கசிவின் அளவுக்கு வந்துவிடும் என்பதால் இது மிகவும் பொறுமையும் கவனமும் வேண்டும் வேலை.

இப்படி அளந்ததில் ஒரு முக்கியமான உண்மை தெரிந்தது. கசிவு வெண்புள்ளிகளில் மட்டும் இல்லை. படத்தில் நன்றாக இருப்பது போல் தோன்றும் பக்கத்துத் திசுவிலும் இருக்கிறது. அதாவது, கண்ணுக்குத் தெரியும் சேதம் வருமுன்னரே காவல் தளரத் தொடங்கியிருக்கலாம். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆராய்ச்சியாளர்கள், நோய் உள்ளவர்களின் மூளையில் கசியும் பரப்பு மற்றவர்களை விட அதிகம் என்று 2017இல் தெரிவித்தனர். இப்போது ஊசியே இல்லாமல், இரத்தத்திலுள்ள நீர் திசுவுக்குள் போகும் வேகத்தைக் கொண்டே காவலின் நிலையை அறியும் முறைகளும் சோதனையில் உள்ளன.

வாசகர்கள் கவனிக்க: கசிவை அளக்கும் இந்தச் சோதனை ஆராய்ச்சிக்கு உரியது. நோயாளி யாரும் இதைக் கேட்டு எடுத்துக் கொள்ள வேண்டியதில்லை. சிறு இரத்தக்குழாய் நோயை அறிய ஊசி இல்லாத சாதாரண எம்.ஆர்.ஐ. போதும்.

நமக்கு அருகில்

இந்த ஆராய்ச்சி எல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். பீன்யாவில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிலையம் யஷ்வந்த்பூர். அதை ஒட்டிய இந்திய அறிவியல் கழக வளாகத்தில் மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதன் புதிய கட்டடம் 2022 ஜூனில் திறக்கப்பட்டது. கோலார் மாவட்டத்தில் மாம்பழத்துக்குப் பெயர் போன ஸ்ரீநிவாசபுரத்தில், 45 வயதைத் தாண்டிய கிராம மக்கள் பத்தாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் பெரிய திட்டத்தை இம்மையம் நடத்துகிறது. ஞாபகச் சோதனை, இரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஆகியவை அதில் அடங்கும். நகர மக்கள் ஆயிரம் பேரைக் கவனிக்கும் இன்னொரு திட்டமும் உண்டு. வெள்ளைக்காரர்களின் மூளையைப் பார்த்து எழுதிய கணக்கை மட்டும் நம்பியிராமல், நம் மக்களின் மூளை எப்படி முதுமை அடைகிறது என்று அறிய இது உதவும்.

ஓசூர் ரோட்டிலுள்ள நிம்ஹான்ஸைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1974இல் இன்றைய பெயரில் உருவான அந்நிறுவனத்தில் 1995இலிருந்து மனித மூளைத் திசுக்களைச் சேமிக்கும் வங்கி செயல்படுகிறது. இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து அளித்த மூளைகள் அங்கே ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. படத்தில் தெரியும் புள்ளிக்கும் திசுவில் இருக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பை அறிய இத்தகைய கொடை தேவைப்படுகிறது.

இதன் அவசரத்தை இரண்டு எண்கள் காட்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 35.5 பேருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

நம்மால் முடிந்தது என்ன?

கசிந்த சீலைக் கழற்றி மாற்றுவது போல் மூளைக் குழாயை மாற்ற முடியாது. ஆனால் பிரஷரைக் குறைத்தால் கசிவும் தேய்மானமும் குறையும் என்பது எந்த ஃபிட்டருக்கும் தெரியும். மருத்துவமும் அதையே சொல்கிறது.

அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரின்ட் என்ற பெரிய ஆய்வில், ஒரு பிரிவினருக்கு மேல் அழுத்தத்தை 140க்குக் கீழும், மற்றப் பிரிவினருக்கு 120க்குக் கீழும் வைக்க முயன்றார்கள். ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்குப் பின் எடுத்த படங்களில், 140 பிரிவினரின் வெண்திட்டு 1.45 கன சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. 120 பிரிவினருக்கு 0.92 மட்டுமே. முழு மறதி நோய் குறைந்தது என்று அந்த ஆய்வால் உறுதியாகக் காட்ட முடியவில்லை. ஆனால் அதற்கு முந்தைய படியான லேசான ஞாபகக் குறைவு குறைந்தது. சர்க்கரை நோயாளிகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். எந்த எண் யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மிகவும் தாழ்த்தினால் சில முதியவர்களுக்குத் தலைசுற்றி விழும் அபாயம் உண்டு.

புதிய மருந்துகளும் சோதனையில் உள்ளன. நெஞ்சுவலிக்குத் தரப்படும் ஐசோசார்பைட் மோனோநைட்ரேட், கால் இரத்த ஓட்டத்துக்குத் தரப்படும் சிலோஸ்டசால் ஆகிய இரண்டு பழைய மாத்திரைகளைப் பிரிட்டனில் 363 பேரிடம் சோதித்து 2023இல் நம்பிக்கையூட்டும் முடிவு கண்டார்கள். ஆயினும் பெரிய ஆய்வில் உறுதிப்பட்டால்தான் எல்லாருக்கும் தர முடியும்.

அன்றாட வாழ்வில் பின்பற்ற வேண்டியவை:

1. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். "தலைவலி இல்லையே, மாத்திரை எதற்கு?" என்பது நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலி தராது. நைட் ஷிப்ட் வரும் வாரத்தில் மாத்திரை தவறுகிறது என்றால், எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டு அதையே வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் டிஸ்பென்சரியில் மாத்திரை தீரும் முன்பே வாங்கி வைத்துக் கொள்வது நல்லது.

2. உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு இவற்றில் உள்ள உப்பும் கணக்கில் சேரும்.

3. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்தல். பீடி, சிகரெட், புகையிலையை அடியோடு விடுதல். நாள்தோறும் அரை மணி நேரமாவது நடத்தல்.

4. தானாக ஆஸ்பிரின் போட வேண்டாம். படத்தில் ஏதோ இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மருந்துக் கடையில் ஆஸ்பிரின் வாங்கிச் சாப்பிடுவோர் உண்டு. சிறு அடைப்புப் பக்கவாதம் வந்த 3,020 பேரிடம் நடந்த ஆய்வில், ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரல் என்ற மாத்திரையையும் நீண்ட நாள் சேர்த்துக் கொடுத்ததில், மீண்டும் பக்கவாதம் வருவது குறையவில்லை. இரத்தக்கசிவும் இறப்பும்தான் கூடின என்று 2012இல் தெரிவித்தார்கள். குழாய் கசியும் இடத்தில் இரத்தத்தை இளக்குவது இருபுறமும் கூருள்ள கத்தி. அதைப் பிடிக்க வேண்டியவர் டாக்டர்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவர்களுக்கு

பீன்யாவாசிகளுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. கிரைண்டிங், டர்னிங், வெல்டிங் வேலை செய்தவர்களுக்கு எப்போதோ கண்ணில் இரும்புத் துகள் தெறித்திருக்கலாம். டாக்டர் எடுத்துவிட்டார் என்று நினைத்திருப்போம். சிறு துகள் உள்ளே தங்கியிருக்கலாம். எம்.ஆர்.ஐ.யின் பலத்த காந்தம் அதை அசைத்தால் கண்ணுக்கே ஆபத்து. எனவே அத்தகைய விபத்து நடந்திருந்தால் படம் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, துகள் இல்லை என்று உறுதி செய்து கொள்வார்கள். பேஸ்மேக்கர், எலும்பில் வைத்த பிளேட், காதுக்குள் வைத்த கருவி இவற்றையும் மறைக்கக் கூடாது. ஊசி போட்டு எடுக்கச் சொன்னால், சிறுநீரகம் கெட்டவர்கள் அதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

எப்போது அவசரம்?

திடீரென்று முகத்தின் ஒரு பக்கம் இழுத்தல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும், சிறிது நேரத்தில் சரியாகிவிட்டாலும், உடனே 108ஐ அழைத்து சி.டி. ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "காலையில் பார்க்கலாம்" என்று படுக்கப் போனால் அந்த நேரம் கைநழுவிவிடும்.

திடீரென்று வராமல், மெல்ல மெல்ல வரும் நடைத் தளர்ச்சி, அடிக்கடி தடுமாறி விழுதல், சிறுநீரை அடக்க முடியாமை, யோசிப்பதில் தாமதம், எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றையும் நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்நோயில் பழைய நினைவுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். திட்டமிடுவதும் வேகமும்தான் முதலில் குறையும். "எல்லாம் ஞாபகம் இருக்கிறதே" என்று வீட்டார் ஏமாந்து போவது இதனால்தான்.

இறுதியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. முப்பது நாற்பது வருடம் மெஷின் முன்னால் நின்று நம்மை ஆளாக்கியவர்கள் இன்று மெதுவாக நடக்கிறார்கள். மெதுவாகப் பதில் சொல்கிறார்கள். அவர்களை அவசரப்படுத்தாமல், ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லி, பதில் வரும்வரை காத்திருப்பது மருந்துக்கு இணையான உதவி. நாற்பது வயதில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் இரத்த அழுத்தத்தை இந்த வாரமே ஒரு தடவை பார்த்துக் கொள்வது அதைவிடப் பெரிய உதவி. சொட்டும் குழாயைத் தொடக்கத்திலேயே இறுக்குவது எளிது என்பது பீன்யா நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம்தானே!